கங்காணி என்றொரு பதவி

(நூற்றாண்டு யாத்திரையாக வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் சென்ற பழைய மாணவியர், மதிய உணவுக்குப் பின் கூடியபோது ஆற்றப்பட்ட உரை)



காலையில் திருப்பலி, பிறகு திருத்தலத்தைச் சுற்றிப் பார்த்தது, பிறகு வயிறு நிறையச் சோறு. இதற்குப் பின் பேச எழும்புவது துணிச்சலான வேலைதான். நித்திரை வருகிறவர்கள் தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம்.

நூற்றாண்டுக் குழு எங்களுக்குத் தந்த தலைப்பு, 'பொறுப்பில் இருக்கும் பெண்கள்'. நம்மில் எத்தனையோ பேர் இன்று பொறுப்பில் இருக்கிறோம். அதிபர்கள், கல்விப் பணிப்பாளர்கள், ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொறுப்பான தாதியர், வங்கி முகாமையாளர்கள், லண்டனிலும் டொரன்டோவிலும் முதியோர் இல்லங்களை நடத்துகிறவர்கள் என்று பட்டியல் நீளும். ஆளுக்கொரு வெற்றிக் கதை சொன்னால் பொழுது போய்விடும். அதனால், பொறுப்பில் இருப்பவருக்கு நம் மொழி வைத்த ஒரு பழைய பெயரை எடுத்து, அது எங்கெங்கே போய் என்னென்ன பொருள் பெற்றது என்று பார்க்கத் தீர்மானித்தோம். அந்தப் பெயர் கங்காணி.

பெயரைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். வகுப்பில் கண்டிப்பான மொனிட்டருக்கு நாம் வைத்த பட்டம் அது. சிலர் சிரிக்கவில்லை. நமது சங்கத்தில் பெரிய கங்காணி வீட்டுப் பேத்திகள் இருக்கிறோம். அந்தக் கங்காணியின் செக்ரோலில் பேர் இருந்த கொழுந்துக்காரிகளின் பேத்திகளும் இருக்கிறோம். ஒரே வாங்கில் இருந்து படித்தோம். ஆனால் ஒருவருக்கு அந்தச் சொல் வீட்டுச் சுவரில் மாட்டிய தலைப்பாகைத் தாத்தாவின் படம். மற்றவருக்கு அது பாட்டி வாய்திறந்து சொல்லாத ஒரு வலி. நூறு வருடத்துக்குப் பிறகாவது இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எழுத்தில் 'கண்காணி', பேச்சில் 'கங்காணி'. கண்ணும் காண்பதும் சேர்ந்த சொல். பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்தால் அவர் கண்காணி. இது தோட்டத்தில் பிறந்த சொல் என்று பலர் நினைக்கிறோம். கோப்பிச் செடி இலங்கை மலையில் ஏறுவதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சொல் இருக்கிறது. 'ஸ்ரீகாரியக் கண்காணி செய்வார்', 'மாகேசுவரக் கண்காணி செய்வார்' என்று கோயில் காரியத்தை மேற்பார்ப்பவர்கள் அங்கே குறிக்கப்படுகிறார்கள்.

அவர்கள் எதைப் பார்த்தார்கள்? யாரோ ஒரு பெண் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறாள் என்று கொள்வோம். அதற்காக அவள் 96 ஆடுகளைக் கொடுப்பாள்; சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி காணும் எண்ணிக்கை அது. ஆடுகளை வைத்திருப்பவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கொடுத்தவள் இறந்த பிறகும் விளக்கு எரிய வேண்டும். நெய் வந்ததா, நெல் வந்ததா, கொடுத்த நிலம் கொடுத்த காரியத்துக்குத்தான் பயன்படுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கண் தேவை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யார் என்ன கொடுத்தார், யார் எவ்வளவு அளக்க வேண்டும் என்ற விபரம் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருந்தது. கண்காணி எதைப் பார்க்க வேண்டுமோ அது ஊர்க் கண்ணுக்கும் எதிரிலே இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாத காலம் அது. வாசிக்கத் தெரிந்தவரும் சிலரே. ஆனாலும் கணக்கு பொதுச் சுவரில் இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

திருமூலர் ஒரு படி மேலே போகிறார். திருமந்திரத்தில் அவர் இறைவனையே கண்காணி என்கிறார். பார்க்க ஆளில்லை என்று களவு செய்கிறவர்களுக்கு, அந்தக் கண் இல்லாத இடமே இல்லை என்று நினைவூட்டுகிறார். இன்று கடைகளில் 'நீங்கள் கமராவில் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று எழுதி ஒட்டுகிறார்கள். சொல் அதேதான், திருமூலர் சொன்ன கண்ணுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

நாம் வந்திருப்பது கிறிஸ்தவத் தலம். அதனால் வேதாகமத்தையும் பார்ப்போம். திருச்சபைகள் பல இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில், பவுல் பிலிப்பியருக்கும் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய நிருபங்களில், 'கண்காணி' என்ற பதவி வருகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது பிஷப். மூலக் கிரேக்கச் சொல் 'எப்பிஸ்கொப்போஸ்'. மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் பிஷப் ஆயிற்று. மொழிபெயர்த்தவர்கள் பொருளை நேராகப் பிடித்துத் தமிழில் கண்காணி என்றார்கள். கத்தோலிக்கரான நம் பாட்டிமார் மேற்றிராணியார் என்றார்கள். நாம் ஆயர் என்கிறோம். ஆயர் ஆடு மேய்ப்பவர். அவருக்கும் வேலை பார்த்துக்கொள்வதுதான். தீத்துவுக்கு எழுதிய நிருபம் இந்தக் கண்காணிக்கு நிபந்தனைகள் போடுகிறது. முற்கோபி ஆகாது, அடிக்கிறவர் ஆகாது, இழிவான ஆதாயத்தை விரும்புகிறவர் ஆகாது.

இந்த நிபந்தனைகளை மலைநாட்டுத் தோட்டத்தில் வாசித்தால் எப்படி இருந்திருக்கும்? கற்பனைக்காக இதைக் கேட்கவில்லை. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. லயத்து முற்றத்தில் வேதம் வாசிக்கப்பட்டது. 'கண்காணியானவர்' எப்படி இருக்க வேண்டும் என்று அதில் கேட்ட அதே ஆட்கள், விடிந்ததும் பெரட்டுக்குப் போய்த் தங்கள் கங்காணியின் முன் நின்றார்கள். அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கங்காணி எப்படி வந்தார்? இங்கிருந்து கிழக்கே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு இறங்கும் வீதியை நாம் இன்று கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் கடக்கிறோம். வடக்குப் பாதை என்று பெயர் பெற்ற வழி அது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறண்ட நிலமும் தாண்டி, அந்த வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். மாத்தளைக்கு ரயில் 1880இல்தான் வந்தது. தலைமன்னாருக்கு 1914இல். அதுவரை கால்தான். கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பாதையோரத்தில் விழுந்தவர்கள் பலர். விழாமல் வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசலாக இருந்தது மாத்தளை. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலை நம்மில் மதம் பார்க்காமல் எல்லோரும் அறிவோம். அந்த மாரியம்மனின் மக்கள் நடந்து வந்தவர்களின் மக்கள்.

ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் ஒரு கங்காணி நடந்தார். துரை கொடுத்த முற்பணத்தோடு தன் ஊருக்கே போய், தன் உறவுக்காரரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து, வழிச்செலவு கொடுத்து, கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவே அவர். ஊரில் மூத்தவருக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்குத் தோட்டத்திலும் கிடைத்தது. கலியாணம், சாவு, சண்டை, சமாதானம் எல்லாவற்றிலும் முன் நின்றார். கோயில் கட்டினார். காமன் கூத்துக்குக் காசு கொடுத்தார். சில இடங்களில் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடமும் வைத்தார். இவை உண்மை. கங்காணி வீட்டுப் பேத்திகள் இதை நினைத்துப் பெருமைப்படுவதில் தவறில்லை.

மற்றப் பக்கமும் உண்மை. முற்பணம் துரையிடமிருந்து கங்காணிக்கு வந்தாலும், கங்காணியிடமிருந்து தொழிலாளியிடம் வந்தபோது கடனாயிற்று. தோணிக் காசு, வழியில் தின்ற சோறு, கம்பளி, எல்லாம் பேருக்கு எழுதப்பட்டன. கோப்பிக் காலத்தில் சம்பளம் பல மாதம் நிலுவையில் நிற்பது சாதாரணம். அதுவரை அரிசிக்கும் கங்காணியின் கையைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இத்தனை என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் படுத்தவரையும் எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்புவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். அவர்களுக்கும் அதில் பங்கு.

தோட்டம் மாற நினைத்தால் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் இவர் இவ்வளவு கடன்காரர் என்று எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். தோட்டம் மாறலாம், கடன் கூடவே வரும். ஒரு மனிதரின் விலை ஒரு சிறு காகிதத்தில் எழுதப்பட்டு, அவர் அதை வாசிக்கத் தெரியாமல் தன் கையிலேயே கொண்டு போனார். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்.

கோயில் சுவரை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம் அல்லவா? இங்கேதான் அது தேவைப்படுகிறது. சொல் மாறவில்லை. வேலையும் ஒருவிதத்தில் அதுவேதான்: எண்ணுவது, அளப்பது, பார்த்துக்கொள்வது. மாறியது கணக்கு இருந்த இடம். சுவரில் இருந்த கணக்கு கங்காணியின் கோட்டுப் பைக்குள் போயிற்று. அவர் பார்த்தார், அவரைப் பார்க்க யாராலும் முடியவில்லை. அவர் கணக்குச் சொல்ல வேண்டியது மேலே இருந்த துரைக்கு மட்டும்.

இதில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகு, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது. குடும்பங்கள் தங்கின. கொழுந்து பெரும்பாலும் பெண்கள் கையில். ஆனால் மலையில் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஆண் கங்காணி. தராசில் நிறுத்தவர் ஆண். செக்ரோல் எழுதியவர் ஆண். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்க மலையில் நின்ற ஒருத்திக்கு மாலையில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். அந்தச் சம்பளத்தையும் கணவனோ தகப்பனோ போய் வாங்குவது நீண்ட கால வழக்கம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பெரிய முன்னேற்றம்தான். அதன் கீழும் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த விகிதம். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல். இங்கே இருக்கும் மூத்த அக்காமார் அப்போது படிப்பு முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டார்கள்.

பெண்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களைப் புரட்டுங்கள். கங்காணியை ஏசுவதும் கிண்டல் பண்ணுவதும் அங்கே நிறைய. கணக்கு வாசிக்கத் தெரியாதவர்கள் கணக்கைப் பாட்டில் கேட்டார்கள். 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டித் தோட்டம் தோட்டமாகப் போனபோது அவர் மனைவி மீனாட்சியம்மாளும் கூடப் போனார். தாமே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். பேச்சுக்கு வராத பெண்கள் பாட்டுக்கு வந்தார்கள். நம் பாடப் புத்தகத்தில் நாங்கள் அவரைப் படித்ததில்லை. இனி வரும் தங்கைகள் படிக்க வேண்டும்.

கங்காணியின் பலம் எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், ஒரே அடியில் விழவில்லை. துண்டு போயிற்று. சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும், ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும் வேலை இல்லாமற் போயிற்று. தொழிற்சங்கம் வந்து, தோட்டத்தில் 'தலைவர்' என்ற புதிய பதவியைக் கொண்டுவந்தது. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அதன் பிறகு தொழிலாளிக்காகப் பேசுவது யார் என்ற கேள்விக்குக் கங்காணி என்ற பதில் செல்லவில்லை. இன்று கங்காணி என்றால் தோட்டத்தில் ஒரு வேலைத்தலத்தைப் பார்த்துக்கொள்ளும் சாதாரண ஊழியர். பலருக்குத் தலைப்பாகையும் இல்லை, கோட்டும் இல்லை. தாமே தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம். தோட்டத்தில் உள்ள சிறுவருக்குக் கல்வி கொடுக்கத் துரைமாரைச் சட்டம் கட்டாயப்படுத்தியது 1907இல். எத்தனையோ தோட்டங்களில் அது ஒரே கொட்டகையும் ஒரே வாத்தியாரும்தான். 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மெல்ல மாறியது. நம் விடுதிக்குத் தோட்டப் பக்கமிருந்து முதலில் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். கொழுந்துக்காரியின் மகள் வர இன்னும் ஒரு தலைமுறை சென்றது. அவள் வந்து, எழுத்தும் கணக்கும் படித்து, லீவுக்கு வீட்டுக்குப் போய் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தாளே, அன்றைக்குத்தான் கோட்டுப் பைக்குள் இருந்த கணக்கு வெளியே வந்தது. 'இந்த மாதம் இரண்டு பேர் விடுபட்டிருக்கு, போய்க் கேளுங்கம்மா' என்று சொல்லத் தெரிந்த மகள் ஒரு லயத்தில் இருந்தால், அந்த லயத்தை யாரும் எளிதில் ஏமாற்ற மாட்டார்கள். நூறு வருடத்தில் பெண்கள் பாடசாலைகள் செய்த பெரிய வேலை இதுவென்றே நாங்கள் எண்ணுகிறோம். பரிசளிப்பு விழா அறிக்கைகளில் இது வருவதில்லை.

சொல்லின் பயணம் தோட்டத்தோடு முடியவில்லை. சிங்களத்திலும் அது நுழைந்தது. கங்கானம்கே என்று தொடங்கும் பெயருள்ள சிங்களத் தோழியர் நமக்கு உண்டு. 'கே' என்றால் வீடு. கங்காணி வீட்டார் என்று ஆகிறது. மலாயாவுக்குப் போய் அங்கும் ரப்பர்த் தோட்டங்களில் ஆள் சேர்த்தது. தமிழ்நாட்டில் இருக்கும் நம் அக்காமார், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறிய குடும்பத்தவர்கள், ஒரு வேடிக்கை சொல்வார்கள். அங்கே எஸ்.பி. என்ற பெரிய பொலிஸ் அதிகாரி 'காவல் கண்காணிப்பாளர்'. பரீட்சை மண்டபத்தில் நிற்பவர் 'அறைக் கண்காணிப்பாளர்'. இங்கே நாம் அதே பொலிஸ் அதிகாரியைப் பொலிஸ் அத்தியட்சகர் என்கிறோம். தோட்டத் துரைக்கும் காகிதத்தில் அத்தியட்சகர்தான். பார்த்துக்கொள்பவர் என்பதே அதற்கும் பொருள். சொல் வடமொழி என்பதால் மதிப்புக் கூடிவிட்டது. தமிழ்ச் சொல்லில் அழைக்கப்பட்டவர் மலையில் நின்றார். வடசொல்லில் அழைக்கப்பட்டவர் பங்களாவில் இருந்தார்.

இனி இந்த ஊருக்கு வருவோம். வஹகோட்டை மக்கள் போர்த்துக்கேய வழி வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. கண்டி மன்னரின் ஆட்சிக்குள், குருவானவர் இல்லாமல், தலைமுறைக் கணக்கில் விசுவாசத்தைக் காத்த ஊர் இது. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கண்ணுக்கு மறைந்தும் கண்டியில் சிறைப்பட்டும் இப்படிப்பட்ட சிதறிய ஊர்களைத் தேடிப் போனார். 2015இல் அவரைப் புனிதர் என்று திருத்தந்தை அறிவித்ததை நாம் நேரில் கண்டோம். ஓர் ஊருக்கு அவர் வந்து போனால் மறுபடி வர மாதங்கள், சில வேளை வருடங்கள் ஆகும். அதனால் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி என்று பொறுப்பாளரை வைத்தார். சம்பளம் இல்லை. தலைக்காசு இல்லை. செபம் சொல்லுவது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை. மூப்பர் தமிழ்ச் சொல். சிங்களக் கத்தோலிக்கரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அண்ணாவி வடக்கிலும் கிழக்கிலும் கூத்துப் பழக்குகிறவராகவும் ஆனார்.

மூப்பருக்கும் கங்காணிக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் மேலே உள்ளவர் இல்லாத இடத்தில் பொறுப்பாக இருந்தவர்கள்தான். மூப்பர் தான் பார்த்துக்கொண்ட மக்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தார். அவர் சரியாக நடக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியும். மக்கள் பெருகினால் அவருக்கு வேலை பெருகும், வரும்படி பெருகாது. பெரிய கங்காணிக்கு மக்களின் தலை எண்ணிக்கையே வரும்படி. ஒரே மாதிரி மனிதரை இந்த இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள். நல்லவரைக் கெட்டவராக்கவும், சாதாரணமானவரை நல்லவராக்கவும் இந்த ஏற்பாடே போதும்.

இப்போது நம் காரியம். சில தோட்டங்களில் பெண்களைக் கங்காணியாக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மிகக் குறைவு, ஆனால் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்களில் பலர் நேற்று வரை கூடை சுமந்தவர்கள். பழைய ஆண் கங்காணியின் குரலை இரவல் வாங்காமல் அவர்கள் வேலை வாங்க முடியுமா என்று தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் வார்டிலும் வங்கியிலும் பாடசாலையிலும் நம்மையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இன்னும் நெருங்கிய விஷயம், நம் சங்கத்தின் கல்வி உதவி நிதி. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வருகிறது. உதவி பெறும் பிள்ளைகள் மாதந்தோறும் புள்ளி, வரவு, ஒரு புகைப்படம், நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அக்காமாரின் கவலை எங்களுக்கு விளங்குகிறது. இரவு வேலை செய்து அனுப்பிய காசு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவளும் அதைத்தான் கேட்டாள்.

ஆனால் தீர்மானத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். எல்லாக் கண்ணும் பிள்ளையை நோக்கியே இருக்கிறது. நிதியைப் பார்க்கும் எங்களை நோக்கி ஒரு கண்ணும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி மாதாமாதம் தன் வறுமையைப் படம் பிடித்து அனுப்பினால், அவள் வாங்கியது உதவியா, முற்பணமா? ஒரு மாதம் புள்ளி குறைந்தால் அரைப்பேர் போடுவோமா?

அதனால் எங்கள் வகுப்பினர் ஒரு திருத்தம் கொண்டு வருகிறோம். ஒன்று, பிள்ளையின் வரவையும் முன்னேற்றத்தையும் வருடத்துக்கு இரு தடவை பாடசாலை மூலம் அறிவோம். படமும் நன்றிக் கடிதமும் கேட்க மாட்டோம். இரண்டு, நிதிக்கு வந்த ஒவ்வொரு ரூபாயும் போன ஒவ்வொரு ரூபாயும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்; பிள்ளைகளின் பெயர் அதில் இருக்காது, எங்கள் பெயர் இருக்கும். மூன்று, முன்பு உதவி பெற்றுப் படித்து முடித்தவர்களில் இருவர் நிதிக் குழுவில் இருப்பார்கள். எங்கள் கணக்கை அவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்லுவோம்.

கங்காணி என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். திருமூலர் ஆண்ட சொல், வேதத்தில் ஏறிய சொல், நம் பாட்டிமார் பயந்த சொல், பாடிச் சிரித்த சொல். கங்காணி வீட்டுப் பழைய செக்ரோல், கைக்கணக்குப் புத்தகம், துண்டு ஏதாவது உங்கள் அலுமாரியில் இருந்தால் பாடசாலை நூலகத்துக்குத் தாருங்கள். கொழுந்துக்காரிப் பாட்டி சொன்ன பாட்டோ கதையோ ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அடுத்த நூறு வருடத்துப் பிள்ளைகள் இரு பக்கமும் வாசிக்கட்டும்.

திருத்தத்துக்கு ஆதரவு தருபவர்கள் கையொப்பம் இட ஒரு கொப்பி வாசலில் இருக்கிறது. எதிர்ப்பவர்களுக்கும் அதிலேயே பக்கம் விட்டிருக்கிறோம். தேநீர் வந்துவிட்டது.